ஏறுகாசும் அடலேறு மன்னன் மீசையும்

கதை சொல்கிறவர்கள் அதற்குக் கண், காது, மூக்கு வைப்பார்கள். நான் இன்றைக்கு மீசை வைத்துச் சொல்லப்போகிறேன். சின்னவர்கள் முன்னால் வாருங்கள். பெரியவர்கள் பின்னால் நகருங்கள். மீசை உள்ளவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், ஆனால் கதை முடிகிறவரை அதைத் தடவக் கூடாது. சம்மதமா? சரி, கேளுங்கள்.

கடல் இன்னும் இவ்வளவு உப்புக் கரிக்காத காலம் அது. கீழைக் கரையில் சங்கொலித்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. முன்னால் கடல், பின்னால் பருத்திக்காடு, நடுவில் அரண்மனை. அவ்வளவுதான் ராஜ்யம். வடக்கு எல்லையில் ஒருவன் தும்மினால் தெற்கு எல்லையில் இருப்பவன் "தீர்க்காயுசு" என்பான்.

அந்தச் சின்ன ராஜ்யத்தை ஆண்ட ராஜாவுக்குப் பெரிய மீசை. ராஜாவின் பெயர் அடலேறு. அவர் மீசைக்கு எண்ணெய் போட ஓர் ஆள், சீவிவிட ஓர் ஆள், மழை வந்தால் குடை பிடிக்க ஓர் ஆள். கெட்ட மனிதர் இல்லை. பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. வீம்பு ஒன்றுதான் அவரைப் பிடித்த வியாதி.

அந்த நாட்டில் செம்புக் காசு புழங்கியது. காசில் காளை முத்திரை இருந்ததால் அதற்கு ஏறுகாசு என்று பெயர். கடலுக்கு அந்தப் பக்கம் பரிநாடு. அவர்கள் காசில் குதிரை முத்திரை, அதனால் அது பரிக்காசு. இரண்டும் வெறும் உலோகம்தான். எந்தக் காசை வைத்து மற்றவன் ஆசைப்படும் சரக்கை வாங்க முடியுமோ, அந்தக் காசுக்கு மதிப்பு. காசின் ரகசியம் அவ்வளவுதான், இதற்குமேல் யாராவது பெரிதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் சங்கொலித்துறைக் கடலில் முத்து கொட்டிக் கிடந்தது. முத்து வாங்கப் பரிநாட்டார் கப்பல் கப்பலாக வந்தார்கள். முத்து விற்பவர்களோ ஏறுகாசு கொடுத்தால்தான் முத்தைக் கண்ணில் காட்டுவார்கள். அதனால் வந்தவர்கள் எல்லோரும் காசுக்கடைத் தெருவுக்கு ஓடி, ஒரு பரிக்காசைக் கொடுத்து ஓர் ஏறுகாசை வாங்கிக்கொண்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. கிடைத்தால் போதும் என்று வாங்கினார்கள்.

அந்த நல்ல காலத்தில்தான் அடலேறுக்கு முடிசூட்டினார்கள். ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்தார், மக்களைப் பார்த்தார், மீசையை முறுக்கினார்.

"என் காளை அவர்கள் குதிரைக்குச் சமம்! ஒன்றுக்கு ஒன்று! இது என்றைக்காவது மாறினால், இதோ, இந்த மீசையை மழித்துவிடுகிறேன்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. கை தட்டுவதற்குக் காசா பணமா? யாராவது ஒருவர் எழுந்து, "ராஜா, அது உங்கள் கையில் இல்லையே, முத்துச் சிப்பியின் கையில் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சிப்பிக்குச் சத்தியம் தெரியுமா? சில வருஷத்தில் கடலின் நீரோட்டம் திரும்பியது. சிப்பிகள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடலுக்குப் போய்விட்டன. முத்து போனது. விற்பதற்கு மிச்சம் இருந்தவை மூன்று: உப்பு, கருவாடு, சாயச் சேலை. உப்பு பரிநாட்டில் அவர்களுக்கே இருந்தது. கருவாட்டு வாசனைக்கு அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், பாவம், ருசி தெரியாதவர்கள். சேலை மட்டும் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் ஒரு சேலையின் விலை ஓர் ஏறுகாசு. அப்படியென்றால் பரிநாட்டானுக்கு ஒரு பரிக்காசு. பக்கத்து ராஜ்யத்துத் துறைமுகத்தில் அதே ஒரு பரிக்காசுக்கு இரண்டு சேலை கொடுத்தார்கள். நீங்களாக இருந்தால் எங்கே வாங்குவீர்கள்? அவர்களும் அங்கேதான் போனார்கள்.

ஏறுகாசைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். காசுக்கடைத் தெருவில் மெல்ல ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "இப்போதெல்லாம் ஒரு பரிக்காசுக்கு இரண்டு ஏறுகாசு கொடுத்தால்தான் சரியாக இருக்கும்."

அது ராஜாவின் காதுக்குப் போனது. மீசை துடித்தது. கருவூல அதிகாரி தேவகுஞ்சரனைக் கூப்பிட்டார். இந்தத் தேவகுஞ்சரன், ராஜா வெயில் என்றால் விசிறுவார், மழை என்றால் நடுங்குவார், அப்படிப்பட்ட அதிகாரி.

"நம் கருவூலத்தில் பரிக்காசு எவ்வளவு இருக்கிறது?"

"முத்து விற்ற காலத்தில் சேர்த்தது, மகாராஜா. மூன்று அறை நிறைய இருக்கிறது."

"நல்லது. இனிமேல் யார் ஓர் ஏறுகாசைக் கொண்டுவந்தாலும் ஒரு பரிக்காசை எடுத்துக் கொடு. தெருவில் எவன் என்ன முணுமுணுத்தாலும் அரண்மனையில் ஒன்றுக்கு ஒன்று!"

"ஆகா, என்ன யோசனை!" என்றார் தேவகுஞ்சரன்.

கேட்கவா வேண்டும்! தெருவில் அரைக் காசு பெறும் காளை, அரண்மனை வாசலில் முழுக் குதிரையாக மாறியது. ஊரே வரிசையில் நின்றது. பரிநாட்டுச் சரக்கெல்லாம் உள்ளூர்ச் சரக்கைவிட மலிவாகிவிட்டது. பரிநாட்டு அத்தர் வந்தது, பரிநாட்டுச் சீப்பு வந்தது, பரிநாட்டுச் செருப்பு வந்தது. கடைசியில் பரிநாட்டுத் தேங்காய் வந்தது. தென்னந்தோப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வந்த தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தார்கள். "அந்தத் தேங்காயின் ருசியே தனி" என்று வேறு சொன்னார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது இதுதான்.

குதிரை விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வசதி உள்ளவர்கள் எல்லோரும் வீட்டுக்கு ஒரு பரிநாட்டுக் குதிரை வாங்கினார்கள். கடல் தாண்டி வந்த விருந்தாளி அல்லவா? விருந்தாளிக்குப் புல்லைப் போடுவதா என்று, காலையில் நெய்ச்சோறு, மத்தியானம் பருப்பும் நெய்ச்சோறும், ராத்திரி பாயசத்தோடு நெய்ச்சோறு போட்டார்கள். போதும் என்று சொல்ல அதற்கு வாய் ஏது? குதிரை வயிறு உப்பிச் செத்துப்போகும். உடனே அரண்மனைக்கு ஓடிக் காசு மாற்றி, இன்னொரு குதிரை வாங்குவார்கள். அதற்கும் நெய்ச்சோறு. மலிவாகக் கிடைக்கிற பொருளைக் காப்பாற்ற யாருக்குப் புத்தி போகும்?

இப்படியே முதல் அறை காலியானது.

தேவகுஞ்சரன் தலையைச் சொறிந்தார். ஒரு யோசனை சொன்னார். "மகாராஜா, தெருவில் 'இரண்டுக்கு ஒன்று' என்று பேசுவதால்தான் நம் காசின் மதிப்புக் குறைகிறது. பேச்சை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்."

பறை அறைந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று தவிர வேறு கணக்குச் சொல்கிறவனைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவோம் என்று அறிவித்தார்கள். காசுக்கடைத் தெரு அமைதியானது. வியாபாரம் மீன் கடைக்கு மாறியது. கூடையை நடுவில் வைத்துக்கொண்டு, துண்டுக்குள் கையை விட்டு, விரலைத் தொட்டு விலை பேசினார்கள். பிடிபட்டவர்களை ஏற்றி ஏற்றி, கடைசியில் ஊரில் கழுதைதான் பற்றாமல் போனது. இங்கே வாயை மூடினார்கள், அங்கே கருவூலத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. இரண்டாவது அறையும் காலியானது.

தேவகுஞ்சரன் மறுபடியும் தலையைச் சொறிந்தார். "மகாராஜா, கப்பல் வருவதால்தானே காசு போகிறது? துறைவாசலை மூடிவிடுவோம். வெளிநாட்டுச் சரக்கு ஒன்றும் உள்ளே வரக் கூடாது."

துறைவாசலில் குறுக்கே இரும்புச் சங்கிலியை இழுத்துப் பூட்டினார்கள். வந்த கப்பல்கள் திரும்பிப்போயின. ஆனால் தேங்காய் கொண்டுவந்த அதே கப்பல்தானே திரும்பும்போது நாலு சேலையாவது ஏற்றிக்கொண்டு போனது? விற்க விடாதவனிடம் வாங்க எவன் வருவான்? சாயத்தெருவில் சேலை மலைமலையாகத் தேங்கியது. உள்ளதும் போச்சு.

அதோடு இன்னொன்றும் நடந்தது. துறையையே மூடுகிறார்கள் என்றதும் மக்களுக்குப் பயம் வந்துவிட்டது. "நாளைக்கு மீசை போனாலும் போகும், காசு செல்லாக்காசு ஆனாலும் ஆகும். இன்றைக்கே மாற்றி வைத்துக்கொள்வோம்" என்று பானையில் இருந்த ஏறுகாசை எல்லாம் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்கள். தேவகுஞ்சரன் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு இரண்டு பானையோடு வந்தார். அவர் கணவரே எண்ணிக் கொடுத்தார். மூன்றாவது அறையும் காலியானது. உள்ளே ஒரு பல்லி மட்டும் இருந்தது.

அன்றைக்கு அரண்மனை வாசலில் ஒரு சத்தம். சாயத்தெருவில் சேலைக்கு நீலம் ஏற்றும் நீலாயி வந்து நின்றாள். சாயப்பானையில் முக்கி முக்கி முழங்கை வரைக்கும் நீலமேறிய கை அவளுக்கு. அந்தக் கை அன்றைக்கு வெளுத்துப்போயிருந்தது.

"பாருங்க சாமி! கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்தக் கை நீலம். இன்னிக்குத்தான் வெளுத்திருக்கு. பானை காஞ்சு கிடக்கு. புள்ளைங்களுக்கு ஒரு வேளைக் கூழ், அதுவும் தண்ணியா. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா நடக்குமா? ராசாவுக்கு எது வேணும்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

காவலர்கள் வேல்களை நீட்டினார்கள். ராஜா கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். அவளுக்கு ஒரு மூட்டை நெல் கொடுக்கச் சொன்னார்.

நீலாயி நெல்லைத் தொடவில்லை. "பிச்சை கேக்க வரல சாமி. வேலை கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தச் சமயம் பார்த்து, சங்கிலிக்கு அப்பால் ஒரு பெரிய கப்பல் வந்து நங்கூரம் போட்டது. பரிநாட்டின் பெரிய வியாபாரி அசுவபதி வந்திருந்தார். அவர் பேச்சில் தேனும் பாலும் ஓடும். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வியாபாரிக்கு எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கம்தான் கிழக்கு.

"மகாராஜாவின் கஷ்டம் கேள்விப்பட்டேன்" என்றார் அசுவபதி. "மூன்று அறையையும் நான் நிரப்பித் தருகிறேன். காளைக்குக் குதிரை, ஒன்றுக்கு ஒன்று, அப்படியே இருக்கட்டும். தங்கள் மீசையில் ஒரு முடி உதிராது. பதிலுக்குத் துறைவாசல் சாவியை மட்டும் முப்பது வருஷத்துக்கு என்னிடம் கொடுத்தால் போதும்."

சாவி என்றால் சும்மா சாவி இல்லை. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் துறைமுகத்துக்கு எஜமான். எந்தக் கப்பல் உள்ளே வரலாம், எந்தச் சேலை வெளியே போகலாம், எந்த மீனவர் எவ்வளவு தீர்வை கட்டிவிட்டு வலை போடலாம், எல்லாம் அவர் வைத்த சட்டம். முன்னால் கடல், பின்னால் பருத்திக்காடு என்று சொன்னேனே, அதில் முன்னால் இருப்பது முழுக்கப் போய்விடும்.

ராஜாவுக்கு அது தெரியாமல் இல்லை. ராத்திரி முழுக்கப் புரண்டார். ஒரு பக்கம் துறை, ஒரு பக்கம் மீசை. விடிந்ததும் மீசை ஜெயித்துவிட்டது. ஊர் முன்னிலையில் சாவியைக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

ராணி நாச்சியழகிக்கு இது காதில் விழுந்தது. ராணி உப்பு வியாபாரி வீட்டுப் பெண். பிறந்த வீட்டில் பேசிப் பழகுமுன்பே தராசு பிடித்துப் பழகியவள். முதல் அறை காலியானபோதே, இப்படிக் காசைப் பிடித்து வைக்க முடியாது என்று சொன்னாள். "அரசியாருக்கு உப்பு நிறுக்கத்தான் தெரியும், ராஜ்யம் தெரியாது" என்று தேவகுஞ்சரன் சிரித்தார். இரண்டாவது அறை காலியானபோதும் சொன்னாள். ராஜா கேட்கவில்லை. இந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்கு ஆள் அனுப்பி, உப்பு மூட்டை நிறுக்கும் பெரிய தராசைக் கொண்டுவரச் சொன்னாள்.

துறைமுகத்தில் ஊரே கூடியிருந்தது. மீனவர்கள், சாயக்காரர்கள், காசுக்கடைக்காரர்கள், எல்லோரும் நின்றார்கள். ராஜா கையில் சாவி இருந்தது. கைக்குழந்தை கனம் இருக்கும், இரும்புச் சாவி. அசுவபதி பணிவோடு கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கள், அரசே" என்றாள் ராணி. "எங்கள் வீட்டில் நிறுக்காமல் எதையும் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?"

தூணில் தராசு தொங்கியது. ராணி சாவியை வாங்கி ஒரு தட்டில் வைத்தாள். அந்தத் தட்டு தொப்பென்று கீழே போனது. வெறும் தட்டு மேலே போனது.

"இதைச் சமமாக்குங்கள், அரசே."

"எடைக்கல் எங்கே?"

"எடைக்கல்லுக்கு எங்கே போவது? முத்து இல்லை. சேலை விற்கவில்லை. கருவூலத்தில் பல்லிதான் இருக்கிறது. கையால் அழுத்துங்கள்."

ராஜாவுக்கு இது அவமானமாக இருந்தது. இருந்தாலும் பலசாலி அல்லவா, வெறும் தட்டில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். தராசு முள் நேராக நின்றது.

"பார்த்தாயா? சமம்! ஒன்றுக்கு ஒன்று!"

கூட்டம் கை தட்டியது. பழக்கம் விடுமா?

"அழகாக இருக்கிறது" என்றாள் ராணி. "அப்படியே பிடித்துக்கொண்டு நில்லுங்கள்." சொல்லிவிட்டு, உட்கார்ந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பித்தாள்.

வெயில் ஏறியது. ராஜாவின் தோள் வலித்தது. கை நடுங்கியது. முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இந்த நேரம் பார்த்து ஓர் ஈ வந்து மீசையில் உட்கார்ந்தது. விரட்டக் கை இல்லை! ஒரு கை தட்டில், இன்னொரு கை முட்டுக்கொடுக்கத் தூணில். ஈ இடது மீசையில் நடந்தது, வலது மீசைக்குத் தாவியது, மூக்கு நுனிக்கு ஏறியது. தேவகுஞ்சரன் ஓடிவந்து தானும் தட்டை அழுத்தினார். அவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

அசுவபதிக்கே பரிதாபமாகிவிட்டது. "மகாராஜா, நான் வேண்டுமானால் கொஞ்சம் பிடிக்கட்டுமா?"

"தாராளமாகப் பிடிப்பார்" என்றாள் ராணி, வெற்றிலையை மடித்துக்கொண்டே. "ஆனால் போகும்போது எதிர்த் தட்டில் இருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு போவார். அதற்குப் பிறகு எதற்குச் சமமாக எதைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், அரசே?"

ராஜா சாவியைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். கூட்டத்தின் ஓரத்தில் வெளுத்த கையைக் கட்டிக்கொண்டு நின்ற நீலாயியைப் பார்த்தார்.

"நாச்சி" என்றார் மெதுவாக. ஊருக்கு முன்னால் அவர் ராணியை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "கையை எடுத்தால் காசு விழும். காசு விழுந்தால் என் சத்தியப்படி மீசை போகும். மீசை இல்லாத முகத்தை நான் யாரிடம் காட்டுவேன்?"

ராணி எழுந்து வந்து, முதலில் அந்த ஈயை விரட்டினாள்.

"எனக்கும் இதில் பங்கு உண்டு. பரிநாட்டுக் கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறது என்று அறைக்கு ஒன்று வாங்கி மாட்டியவள் நான். அத்தனை கண்ணாடியிலும் உங்கள் மீசைதான் தெரிந்தது, நாடு தெரியவில்லை. அரசே, மீசை போனால் மூன்று மாதத்தில் முளைக்கும். துறை போனால் முளைக்குமா?"

ராஜா கண்ணை மூடினார். கையை எடுத்தார்.

சாவித் தட்டு தடாலென்று தரையில் மோதியது. அந்தச் சத்தம் வடக்கு எல்லை வரைக்கும் கேட்டதாம். யாரும் தும்மவில்லை, யாரும் தீர்க்காயுசு சொல்லவில்லை.

"நாவிதரைக் கூப்பிடுங்கள்" என்றார் ராஜா.

அரண்மனை நாவிதர் மாடன் வந்தார். விஷயம் தெரிந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். "சாமி, தாடின்னா எடுப்பேன், தலைமுடின்னா எடுப்பேன், இதை மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு என் பேரனுங்க, 'எங்க தாத்தா ராசா மீசையை எடுத்தவரு'ன்னு ஊருக்குள்ள தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?"

"மாடா, நான் சத்தியம் செய்தவன். காசைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. சொல்லையாவது காப்பாற்ற விடு."

மாடன் அழுதுகொண்டே சவரம் செய்தார். இடது மீசை விழுந்தது, வலது மீசை விழுந்தது, ராஜாவின் முகம் சின்னப் பையன் முகம்போல ஆனது. அவர் எழுந்து நின்று சொன்னார்: "குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல இனி எனக்கு மீசையும் இல்லை. நான் விழுந்துவிட்டேன். காசுக்கடைத் தெருவில் இனி யாரும் பயப்படாமல் விலை பேசலாம். சங்கிலியைத் திறந்துவிடுங்கள். சாவி எங்கேயும் போகாது."

யாராவது சிரிப்பார்கள் என்று தேவகுஞ்சரன் சுற்றிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு மீனவர் வந்து மாடன் முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கும் எடுங்க அண்ணே. அன்னிக்குக் கை தட்டுனவன் நானும்தானே?"

அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். பொழுது சாய்வதற்குள் சங்கொலித்துறையில் ஒரு மீசை இல்லை. தேவகுஞ்சரனையும் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மாடனின் கத்தி மழுங்கிப்போனது. ராஜா அதைப் பார்த்துக் குழந்தைபோல விசும்பினார். அழுதால் என்ன, மறைக்கத்தான் மீசை இல்லையே.

மறுநாள் காசு விழுந்தது. நன்றாகவே விழுந்தது. இரண்டுக்கு ஒன்று என்று எதிர்பார்த்தால் மூன்றுக்கு ஒன்று என்று போனது. கஷ்டமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அத்தர் பூசியவர்கள் சந்தனத்துக்கு வந்தார்கள், அது போகட்டும். பரிநாட்டிலிருந்து வரும் மருந்துச் சரக்கும் மும்மடங்கு விலை ஏறியதே, அதற்கு என்ன செய்வது? ராணி தன் கண்ணாடிகளை எல்லாம் கழற்றி, பரிநாட்டுக்காரர்களிடமே திருப்பி விற்று, அந்தப் பரிக்காசில் மருந்து வாங்கி வைத்தியர் வீடுகளுக்கு அனுப்பினாள்.

கப்பலில் வந்த தேங்காயை இப்போது தொட ஆள் இல்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அட, நம் தோப்பிலும் தேங்காய் இருக்கிறதே!

குதிரை விலை மூன்று மடங்கானதும், முதல் வேலையாகக் குதிரைக்காரர்களைக் கூப்பிட்டு, "இது என்னதான் தின்னும்?" என்று கேட்டார்கள். "புல்லும் கொள்ளும்" என்று பதில் வந்தது. அதுவரைக்கும் ஒருவர்கூடக் கேட்கவில்லை! அதற்குப் பிறகு ஒரு குதிரையும் நெய்ச்சோற்றால் சாகவில்லை.

சாயத்தெருவுக்கு வாருங்கள். அங்கே ஒரு சேலை அதே ஓர் ஏறுகாசுதான். ஆனால் பரிநாட்டானுக்கு இப்போது ஒரு பரிக்காசுக்கு மூன்று சேலை. பக்கத்துத் துறைமுகத்தில் இரண்டுதானே? கப்பல்கள் திரும்பின. முதலில் ஒன்று வந்தது, பின்னால் நாலைந்து வந்தன, பின்னால் நிற்க இடம் இல்லாமல் வரிசையில் நின்றன. முதல் ஆளாகச் சேலை ஏற்றியவர் யார் தெரியுமா? நம் அசுவபதிதான். சாவிக்காகக் கொண்டுவந்த பரிக்காசை எல்லாம் சேலைக்குக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். கப்பல்கள் கட்டிய தீர்வை நிறைந்து, கருவூலத்துப் பல்லிக்கு வேறு இடம் பார்க்க வேண்டி வந்தது.

நீலாயியின் கை முழங்கையைத் தாண்டி நீலமானது. அவள் புருஷன் மூக்குக்குக் கீழே கறுப்பாக ஏதோ முளைத்தது. ஊர் முழுக்க அப்படித்தான். தறிச் சத்தமும் மீசையும் ஒன்றாக வளர்ந்தன.

சேலை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஏறுகாசு வேண்டியிருந்ததால், காசும் மெல்லத் தானே எழுந்தது. மூன்றுக்கு ஒன்று இரண்டுக்கு ஒன்றானது, அப்புறம் ஒன்றரைக்கு ஒன்று என்று வந்து நின்றது. பழையபடி ஒன்றுக்கு ஒன்று ஆகவில்லை. யாரும் அதற்காக அழவும் இல்லை.

அடுத்த பருவக்காற்றில் அசுவபதி மறுபடியும் கப்பலேறி வந்தார். அரண்மனைக்கு நேராக வந்து ராஜாவை வணங்கினார். ராஜாவின் மீசை திரும்ப முளைத்திருந்தது. முன்னைவிடச் சின்னது, அங்கங்கே நரை வேறு. குடை பிடிக்க ஆள் இல்லை. அசுவபதி அந்த மீசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மகாராஜா, இன்றைக்கு உங்கள் காளை எங்கள் குதிரைக்கு எத்தனை?"

ராஜாவின் கை பழக்கத்தில் மீசைக்குப் போனது. பாதியில் நின்றது. அவர் சிரித்துவிட்டார்.

"அதை என் முகத்தில் தேடாதீர்கள், ஐயா. சாயத்தெருவுக்குப் போய், அங்கே எத்தனை கை நீலமாக இருக்கிறது என்று பாருங்கள். காளையின் விலை அங்கேதான் எழுதியிருக்கிறது."

என் கதை கரை சேர்ந்துவிட்டது. மீசை உள்ளவர்கள் இனி தடவிக்கொள்ளலாம், ஆனால் இதைக் கேட்டுவிட்டுத் தடவுங்கள்: வீம்புக்காகப் பிடித்து வைக்கும் விலை, ஒருநாள் நம்மிடம் உள்ளதையெல்லாம் தனக்கு விலையாகக் கேட்கும்.